சமாதானத் தூது சென்ற கொல்லர் எலைஹு பரிட்



தூது என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருகிறவர்கள் யார்? இராமனுக்காக இலங்கைக்குப் போன அனுமன். பாண்டவர்களுக்காக அத்தினாபுரம் போன கண்ணன். இந்தக் காலத்துத் தூதர் என்றால் கோட்டும் சூட்டும் போட்டவர், கொடி கட்டிய காரில் வருகிறவர். எப்படிப் பார்த்தாலும் தூதருக்குப் பின்னால் ஓர் அரசன் இருப்பான், அல்லது ஓர் அரசாங்கம் இருக்கும்.

எந்த அரசாங்கமும் அனுப்பாமல், சம்மட்டி பிடித்த கையோடு, சாதாரண ஜனங்களுக்காகச் சாதாரண ஜனங்களிடம் தூது போன ஒருவரின் வரலாற்றை இந்தப் பரிசளிப்பு விழா மலரில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் எலைஹு பரிட். ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'கற்றறிந்த கொல்லர்' என்று சொன்னால் போதும், சிறு பிள்ளைகளுக்கும் அது இவர்தான் என்று தெரியும்.

பிறப்பும் வறுமையும்

1810-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்ற ஊரில் பரிட் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைப்பவர். கொஞ்சம் நிலத்தில் பயிரும் செய்தவர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டின் நிலைமையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தகப்பனார் காலமானதும் பள்ளிப் படிப்பு நின்றது. பதினேழு வயதுக்குள் பையன் ஊர்க் கொல்லன் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்துவிட்டான்.

அதோடு கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் ஆரம்பமே. பையன் துருத்தி ஊதிக்கொண்டே மனக்கணக்குப் போட்டான். காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. பெரிய பெரிய கணக்குகளை மனத்திலேயே போட்டு, விடையை மனத்திலேயே வைத்திருந்து, இரவு வீட்டுக்கு வந்து சரிபார்ப்பான். பிறகு ஒரு சிறிய கிரேக்க இலக்கணப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. அதைத் தொப்பிக்குள் மறைத்து வைத்திருப்பான். மாட்டு மணி வார்ப்பதற்கு உலையில் உலோகம் உருகும் அந்தச் சில நிமிஷங்களில் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் பார்ப்பான். சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு பக்கம். இருபத்தொரு வயதில் ஆறு மாத காலம், அண்ணன் எலைஜா நடத்திய பள்ளியில் உட்கார்ந்து படித்தார். வான நூல் எழுதிப் புகழ் பெற்றவர் அந்த அண்ணன்.

உலையும் நூலகமும்

1837-இல் அமெரிக்காவில் பெரிய பணமுடை வந்தது. வங்கிகள் சாய்ந்தன, வியாபாரங்கள் படுத்தன. பரிட் நடத்தி வந்த சிறு வியாபாரமும் போயிற்று. கப்பலில் வேலை பார்த்துக்கொண்டே ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள மொழி நூல்களைப் படிக்கலாம் என்று எண்ணி, பாஸ்டன் துறைமுகத்துக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தே போனார். கப்பல் கிடைக்கவில்லை. வூஸ்டர் என்ற ஊரில் பழைய நூல்கள் நிறைந்த நூலகம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே திரும்பினார். அந்த ஊரிலேயே ஒரு பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார்.

பகலில் பதினொரு மணி நேரம்கூடச் சம்மட்டி அடித்த நாட்கள் உண்டு. மிச்ச நேரம் நூலகம். எந்த நாள் எத்தனை மணி நேரம் இரும்படித்தேன், எந்த மொழியில் எத்தனை பக்கம் படித்தேன் என்று தினமும் குறித்து வைத்தார். கிரேக்கம், லத்தீன், எபிரேயம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஏறக்குறைய ஐம்பது மொழிகளைப் படித்துப் பொருள் உணரும் ஆற்றல் அவருக்கு இருந்ததாகச் சொல்வார்கள். முதுமைக் காலத்தில் சமஸ்கிருதத்துக்கும் ஒரு கைநூல் எழுதினார்.

மொழிபெயர்ப்பு வேலை ஏதேனும் கிடைக்குமா என்று வூஸ்டரில் ஒரு பெரிய மனிதருக்கு அவர் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் கைமாறி மாநில கவர்னர் எட்வர்ட் எவரெட்டிடம் போனது. 1838-இல் கவர்னர் அதை ஒரு பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டிவிட்டார். ஒரே நாளில் பரிட்டின் பெயர் நாடெங்கும் பரவியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவி செய்கிறோம் என்று பெரியவர்கள் முன்வந்தார்கள். பரிட் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். உடல் உழைப்பும் படிப்பும் கைகோத்துப் போக வேண்டும், உழைப்பாளிகள் கூட்டத்தை விட்டுத் தாம் பிரியக்கூடாது என்பது அவர் எண்ணம்.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மறுத்ததுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. உங்களுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்தால் தயவுசெய்து மறுத்துவிடாதீர்கள்! பரிட் அந்தப் படிப்பை என்ன செய்தார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மனம் திரும்பிய கதை

பூமியின் அமைப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு தயாரிக்க உட்கார்ந்தார். மலை, ஆறு, கடல், தட்பவெப்பம் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். ஆராய ஆராய ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்தது. ஒரு நாட்டில் விளைவது இன்னொரு நாட்டில் விளைவதில்லை. இங்கிலாந்தில் கரியும் இரும்பும் உண்டு, பருத்தி இல்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தி கொழிக்கிறது. அந்தப் பருத்தி வராவிட்டால் மான்செஸ்டர் ஆலைகளில் நூல் இல்லை, நெசவாளி வீட்டில் ரொட்டி இல்லை. ஒருவரையொருவர் நம்பித்தான் வாழ வேண்டும் என்று பூமியே ஏற்பாடு செய்து வைத்திருக்கும்போது, மனிதன் மட்டும் எல்லை போட்டு வெட்டிக்கொண்டு சாவது என்ன நியாயம்? சொற்பொழிவு எழுத உட்கார்ந்தவர் சமாதானத் தொண்டராக எழுந்தார். 1844-இல் வூஸ்டரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். போர் கூடாது, அடிமை முறை கூடாது என்று வாராவாரம் எழுதினார்.

எல்லைத் தகராறு

அவருக்குச் சோதனைக் காலம் சீக்கிரமே வந்தது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரெகன் என்ற பெரும் நிலப்பரப்பு இருக்கிறது. 1818 ஒப்பந்தப்படி அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் அங்கே பொதுவில் இருந்து வந்தார்கள். ஜனங்கள் குடியேறக் குடியேற, யாருடைய நிலம் என்ற சண்டை கிளம்பிற்று. 1845-இல் அமெரிக்காவில் போல்க் அதிபரானார். முழு நிலமும் எங்களுக்கே என்ற கோஷம் எழுந்தது. பிரிட்டனும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின. 1812-இல் தொடங்கிய போரில் மோதிய அதே இரண்டு நாடுகள்தாம். அந்தப் போர் முடிந்து முப்பது வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

மந்திரிமார் பேசுகிறார்கள், தளபதிகள் பேசுகிறார்கள். உயிரைக் கொடுக்கப் போகிறவன் பேசவில்லையே! அவன் பேச என்ன வழி?

மான்செஸ்டரில் ஜோசப் கிராஸ்ஃபீல்ட் என்ற அன்பர் ஒரு யோசனை சொன்னார். பரிட் அதை இறுகப் பற்றிக்கொண்டார். வழி மிகவும் சுலபமானது. இங்கிலாந்தில் ஓர் ஊரார் கூடி, அமெரிக்காவில் ஓர் ஊராருக்கு நட்பு மடல் எழுதுவது. வியாபாரிகள் வியாபாரிகளுக்கு, சமயப் பெரியோர்கள் சமயப் பெரியோர்களுக்கு, பெண்கள் பெண்களுக்கு எழுதுவது. உங்கள் மேல் எங்களுக்குப் பகை இல்லை, தகராறை நடுவரிடம் விட்டுத் தீர்க்கும்படி நீங்களும் உங்கள் அரசைக் கேளுங்கள், நாங்களும் கேட்கிறோம் என்பதுதான் சாரம். கீழே ஊரார் கையெழுத்து. மடல் வந்ததும் அந்த ஊரார் கூடிப் படித்து, கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்ப வேண்டும். பரிட் இந்த மடல்களை அச்சடித்து நாடு முழுதும் உள்ள பத்திரிகைகளுக்கு அனுப்பினார்.

இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்துப் பெண்கள் ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு, பிலடெல்பியா நகரத்துப் பெண்களுக்கு எழுதினார்கள். பிலடெல்பியாப் பெண்கள் அதைவிடக் கூடுதலான கையெழுத்தோடு பதில் எழுதினார்கள். அந்தக் காலத்தில் இரு நாட்டிலும் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள், தாய்மார்களே. ஓட்டுப் போட முடியாத கை, கடல் கடந்து கையெழுத்துப் போட்டது. எடின்பரோ நகரத்து மடலைப் பரிட் தாமே எடுத்துக்கொண்டு வாஷிங்டன் போய், செனட்டர்களிடம் காட்டினார்.

1846 ஜூன் 15-இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 49-ஆம் பாகைக் கோட்டில் எல்லை பிரிந்தது, வான்கூவர் தீவு முழுவதும் பிரிட்டனிடம் இருந்தது. போர் வரவில்லை.

கொல்லர் எழுதிய கடிதத்தால்தான் போர் நின்றது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அதே சமயத்தில் அமெரிக்கா மெக்சிகோவோடு போரில் இறங்கியிருந்தது, இரண்டாவது போர் அதற்குக் கட்டாது. பிரிட்டனுக்கும் தன் கணக்குகள் இருந்தன. ஆனால் விட்டுக்கொடுக்க நினைக்கிற மந்திரி எப்போதும் ஒன்றுக்குப் பயப்படுவான். நம் ஜனங்கள் கோழை என்று ஏசுவார்களோ என்பதுதான் அந்தப் பயம். ஏச மாட்டோம், வாழ்த்துவோம் என்று ஜனங்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அவனுக்குத் துணிவு பிறக்கும். நட்பு மடல் செய்த வேலை அதுதான்.

கடல் கடந்த தொண்டு

அந்த ஜூன் மாதமே பரிட் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மூன்று நான்கு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாக எண்ணம். தொண்டு பல ஆண்டுகள் அவரை அங்கே பிடித்துக்கொண்டது. கிராமம் கிராமமாக நடந்தார். ஜூலை மாதம் பெர்ஷோர் என்ற ஊரில் உலக சகோதரத்துவச் சங்கத்தைத் தொடங்கினார். பட்டாளத்தில் சேர மாட்டேன், போருக்குத் துணை போக மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். சில ஆண்டுகளில் இரு நாட்டிலும் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள்.

1847-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடிய பஞ்சம். பரிட் ஸ்கிபரீன் என்ற ஊருக்கே போனார். பசியால் குடிசைகளில் செத்துக்கொண்டிருந்தவர்களை நேரில் கண்டு, கண்டதை அப்படியே எழுதி வெளியிட்டு, அமெரிக்க மக்களிடம் உதவி கேட்டார்.

பெண்களின் உழைப்பையும் சொல்ல வேண்டும். 'ஒலிவ இலை' என்ற பெயரில் பிரிட்டனில் நூற்றுக்கு மேற்பட்ட மாதர் குழுக்கள் கிளம்பின. அவர்கள் கூடித் தைத்தார்கள், பின்னினார்கள், அதை விற்றார்கள். அந்தக் காசில் ஐரோப்பிய நாட்டுப் பத்திரிகைகளில் இடம் வாங்கிச் சமாதானச் செய்திகளை வெளியிட்டார்கள்.

இன்னொரு கோரிக்கை தபாலைப் பற்றியது. அப்போது அட்லாண்டிக் கடலைத் தாண்ட ஒரு கடிதத்துக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி கட்டணம். பிழைக்கப் போன மகன் தாய்க்கு எழுத முடியாத விலை! கடல் கடக்க ஒரு பென்னி போதும் என்று பரிட் வருஷக்கணக்கில் மேடைமேடையாக வாதாடினார். கடிதம் மலிவானால் ஜனங்கள் பேசிக்கொள்வார்கள், பேசிக்கொள்கிறவர்களைச் சண்டைக்கு இழுப்பது கடினம் என்பது அவர் கணக்கு. நம் தாத்தா பாட்டிமார் ஊரிலிருந்து வரும் தபாலுக்குக் காத்துக் கிடந்த கதையைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஒரு பென்னித் தபால் 1908-இல்தான் வந்தது. பரிட் இறந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து!

அண்டை நாட்டாரிடையே

1848-இல் பிரஸ்ஸல்ஸ், 1849-இல் பாரிஸ், 1850-இல் ஃபிராங்க்ஃபர்ட், 1851-இல் லண்டன் என்று உலகச் சமாதான மாநாடுகள் நடந்தன. இவற்றுக்காக ஓடியாடி உழைத்தவர்களில் பரிட் முன்னவர். பாரிஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பெரும் எழுத்தாளர் விக்டர் ஹியூகோ. நாடுகள் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்ள உலக நீதிமன்றம் வேண்டும் என்று பரிட் அங்கே வாதாடினார்.

1850-இல் டென்மார்க்குக்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனுக்கும் போர் மூண்டிருந்தது. பரிட், ஜோசப் ஸ்டர்ஜ், ஃபிரெடரிக் வீலர் என மூன்று தனிமனிதர்கள் இரண்டு பக்கத்துக்கும் போனார்கள். பதவி இல்லை, பட்டாளம் இல்லை. இரு தரப்பும் அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டன. ஆனால் வழக்கு நடுவரிடம் போகவில்லை. 1864-இல் அதே மண்ணில் மறுபடியும் இரத்தம் சிந்திற்று.

1851 டிசம்பரில் பிரான்சில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். பிரெஞ்சுப் படை கடல்கால்வாயைத் தாண்டி வந்துவிடும் என்று இங்கிலாந்தில் ஒரே பீதி. பரிட் பழைய வழியையே எடுத்தார். பிரிட்டிஷ் நகரங்கள் பிரெஞ்சு நகரங்களுக்கு நட்பு மடல் எழுதின. 1852-இல் பரிட் அந்த மடல்களைத் தாமே சுமந்துகொண்டு பிரான்சின் ஊர் ஊராகப் போய்க் கொடுத்தார். மூட்டையில் துப்பாக்கி மருந்து இல்லை. பக்கத்து நாட்டாரின் கையெழுத்துகள் இருந்தன.

தோல்வியும் உறுதியும்

பெற்றோர்களே, இத்தனை பாடுபட்டவர் வெற்றி பெற்றாரா என்று கேட்பீர்கள். 1854-இல் கிரிமியாப் போர் வந்தது. சமாதானம் பேசியவர்களை ஊரார் ஏளனம் செய்தார்கள், இயக்கம் தேய்ந்தது. பரிட் தாய்நாடு திரும்பினார். அங்கே அடிமை முறையால் நாடு இரண்டாகப் பிளந்து நின்றது. அரசாங்கமே பணம் கொடுத்து அடிமைகளை விடுவித்தால் போர் வராமல் தடுக்கலாம் என்று ஊர் ஊராகப் பேசினார். அதையும் யாரும் கேட்கவில்லை. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். இந்தப் போரைக்கூட ஆதரிக்காத பரிட்டை நண்பர்களே குறை சொன்னார்கள். அடிமைகளின் விடுதலையை விரும்பியவருக்கு, அது இரத்தத்தின் வழியே வந்ததைப் பார்ப்பது எவ்வளவு பெரிய வேதனை!

ஆனாலும் மனிதர் முடங்கிப் போகவில்லை. 1863-இல் லண்டனிலிருந்து பிரிட்டனின் வடகோடிவரை நடந்து, உழவர்களோடு பேசி, நூல் எழுதினார். பிறகு அதிபர் லிங்கன் அவரைப் பர்மிங்ஹாமுக்கு அமெரிக்கத் தூதரகப் பிரதிநிதியாக நியமித்தார். வாழ்நாளெல்லாம் ஜனங்களின் தூதராக இருந்தவர், நான்கு வருஷம் அரசாங்கத்துக்கும் தூதராக இருந்தார்.

அவர் காலத்திலேயே ஒரு நல்ல காட்சியும் நடந்தது. உள்நாட்டுப் போரில் பிரிட்டனில் கட்டப்பட்ட கப்பல்கள் அமெரிக்க வணிகக் கப்பல்களை அழித்திருந்தன. நஷ்ட ஈடு கேட்டு அமெரிக்கா கொதித்தது. மறுபடி போரா? இல்லை. வழக்கு ஜெனிவாவில் நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. 1872-இல் தீர்ப்பு வந்தது. பிரிட்டன் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கட்டியது. 1846-இல் ஊரார் மடல் எழுதிக் கேட்ட அதே வழி! 1899-இல் ஹேக் நகரில் நிரந்தர நடுவர் மன்றம் ஒன்றை அமைக்க நாடுகள் இசைந்தபோது பரிட் உயிரோடு இல்லை. பிறந்த ஊரிலேயே, மணமாகாதவராக, 1879 மார்ச் மாதம் கண்ணை மூடியிருந்தார். அப்போது அவருக்கு வயது 68.

நமக்கு என்ன?

எங்கோ அமெரிக்காவில் இருந்த கொல்லரைப் பற்றி நம்ம தோட்டத்து மலரில் எதற்கு வாத்தியாரே என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள். சொல்கிறேன்.

பகை எப்போதும் 'அவர்கள்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. அவர்கள் அப்படி, அவர்கள் இப்படி. பெயர் தெரியாதவனைப் பகைப்பது சுலபம். பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒருவன் நலம் விசாரித்துவிட்டால், அவனைப் பகைக்க நெஞ்சு இடம் தராது. பரிட் செய்ததெல்லாம், 'அவர்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெயர்களை எழுதியதுதான். இது நாட்டுக்கு நாடு மட்டுமா? வரிசை வீட்டுக்கு வரிசை வீடு, தோட்டத்துக்குத் தோட்டம், இனத்துக்கு இனம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பேச்சு நின்றுபோன பக்கத்து வீட்டுக்கு முதலில் யார் போவது என்ற கேள்வி நம் எல்லாருக்கும் உண்டு.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறீர்கள், மகிழ்ச்சி. மொழிப் பாடத்தில் பரிசு வாங்குகிற பிள்ளைக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழும் மலாயும் ஆங்கிலமும் சீனமும் வேலை தேட மட்டும் பயன்படுவதில்லை. நீங்கள் கற்கிற ஒவ்வொரு மொழியும் இன்னொருவர் வீட்டு வாசலைத் திறக்கிற சாவி. பரிட் ஐம்பது சாவி சேர்த்தார். ஒன்றையும் துருப்பிடிக்க விடவில்லை.

பெரட்டுக்குப் போய், வெயிலில் உழைத்து, இரவு விளக்கடியில் பிள்ளை படிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டாளிப் பெற்றோர்களே, உழைத்துக் காய்த்துப்போன கைக்கும் எழுதுகோலுக்கும் பகை கிடையாது. சம்மட்டி பிடித்த அதே கைதான் இரண்டு நாட்டாருக்கு இடையே மடல் சுமந்தது. உங்கள் கையைப் பார்த்து வளர்கிற பிள்ளை அதை மறக்கக் கூடாது. நீங்களும் மறக்க விடாதீர்கள்.

வாழ்க சமாதானம்! வளர்க நம் பள்ளி!